உரம் போடாத மலைப்புல் எதைத் தின்று வளர்கிறது?

திருவட்டார் பக்கம் ஏத்தன் வாழை போடும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மேல்கோதையாற்றுக்கும் மேலே, முத்துக்குழிவயல் பக்கத்துச் சரிவுகளில் பாறைமேல் ஒரு சாண் மண்தான் இருக்கிறது. அதில் இடுப்பளவு புல் நிற்கிறது. யாரும் சாணம் கொட்டவில்லை, யூரியா வீசவில்லை. நான் மூட்டை மூட்டையாகப் போட்டும் என் வாழை வெளிறுகிறது. மலைமண் அவ்வளவு சத்துள்ளதா? அதில் ஒரு சாக்கு எடுத்துவந்து குழியில் போட்டால் பலன் இருக்குமா?"

மலைமண் சத்துள்ளது இல்லை. அந்தச் சரிவு மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தால், மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) சுண்ணாம்பிலும் உங்கள் தோட்டத்து மண்ணைவிடக் குறைவான எண்களே பெரும்பாலும் வரும். அப்படிப்பட்ட மண்ணில் புல் செழித்து நிற்கிறதென்றால், கிடைக்கிற கொஞ்சத்தை அது எடுக்கிற விதமும், எடுத்ததை நழுவ விடாமல் வைத்துக்கொள்கிற விதமும்தான் காரணம். சாக்கு மண் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் அந்தப் புல்லின் பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்தப் பதில் புரியாது.

நம் குமரி மாவட்டத்து மலைகள் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகள். பூமிக்கு அடியில் ஆழத்தில் வெந்து உருமாறி, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய வடிவத்துக்கு வந்தவை. இவற்றுக்குள் சாம்பல்சத்து (பொட்டாசியம்) தரும் ஃபெல்ஸ்பாரும், மணிச்சத்து தரும் அபடைட் என்ற கனிமமும் சிறிதளவு உண்டு. ஆனால் பாறை மண்ணாகிற வேகம் மிக மெதுவானது. மழையோ நமக்கு இரண்டு பருவமும் உண்டு. ஆனி ஆடியில் ஒரு முறை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு முறை. கரைகிற எதையும் மழைத்தண்ணீர் கோதையாற்றுக்கும் பறளியாற்றுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சுண்ணாம்பு, மக்னீசியம், சாம்பல்சத்து எல்லாம் முதலில் போகும். கரையாமல் மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும். மண் சிவப்பதும் புளிப்பதும் (அமிலமாவதும்) அதனால்தான்.

அந்த இரும்பும் அலுமினியமும் சும்மா கிடப்பதில்லை. மணிச்சத்தைப் பிடித்துப் பூட்டி வைத்துக்கொள்கின்றன. நீங்கள் குழியில் போடும் சூப்பர் பாஸ்பேட்டுக்கும் இதே கதிதான். போட்ட வருடம் பயிருக்குப் போய்ச் சேர்வது பத்தில் ஒரு பங்கிலிருந்து அதிகம்போனால் கால் பங்குவரை. மீதி மண்ணிலேயே இருக்கும், ஆனால் பயிர் நினைத்தபோது எடுக்க முடியாதபடி இருக்கும்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலை எல்லோருக்கும் தெரியும். அதில் உள்ள மோனசைட் ஒரு பாஸ்பேட் கனிமம். இந்தக் கடற்கரையில் அது இருப்பது 1909-ல் வெளியே தெரிந்தது. உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து, ஆறுகள் இழுத்துவந்து, அலை சலித்துச் சேர்த்த மணல் அது. தோரியத்துக்காகவே எல்லோரும் அதைப் பேசுகிறோம். எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. மலையின் பாஸ்பரஸில் ஒரு பகுதி, ஒரு புல்லுக்கும் வாய்க்காமல், கரையவே கரையாத மணிகளாகக் கடல்வரை வந்து சேர்ந்திருக்கிறது. மண்ணில் சத்து இருப்பதும் செடிக்குச் சத்து கிடைப்பதும் வேறு வேறு காரியங்கள் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு சான்று நமக்குக் கிடையாது.

"மேலே மண் கறுப்பாக இருக்கிறதே" என்று கேட்பீர்கள். கறுப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். உயரத்தில் குளிர்ச்சியும் ஈரமும் புளிப்பும் சேர்ந்திருப்பதால் செத்த வேரும் சருகும் மெதுவாகவே மட்குகின்றன. சேர்வது அதிகம், மட்கிக் கரைவது குறைவு. அந்தக் கறுப்பு மட்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) நிறையவே கிடக்கிறது, ஆனால் புரதத் துண்டுகளாகவும் இன்னும் சிக்கலான கூட்டுப்பொருள்களாகவும் கட்டுண்டு கிடக்கிறது. ஒரு வருடத்தில் அதில் நூற்றில் ஒன்று முதல் மூன்று பங்குதான் செடி நேராக எடுக்கக்கூடிய வடிவத்துக்கு வரும்.

இந்த நிலையில் புல் என்ன செய்கிறது? மணிச்சத்திலிருந்து தொடங்குகிறேன், மலையில் பெரும்பாடு அதற்குத்தான்.

பாஸ்பேட் மண்ணில் நகராது. நைட்ரேட் தண்ணீரோடு ஓடும், பாஸ்பேட் இருந்த இடத்தில் இருக்கும். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் உள்ளதை உறிஞ்சி முடித்ததும் அந்த வளையம் வெறுமையாகிவிடும், வெளியிலிருந்து உடனே வந்து நிரம்பாது. ஆகவே செடி தேடிப் போக வேண்டும். வேரை நீட்டலாம், ஆனால் வேர் கட்டுவது செலவு பிடித்த வேலை. வேர்த்தூவி மலிவு. அதனால்தான் புல்லைப் பிடுங்கினால் வேரைச் சுற்றி மண் உறைபோல ஒட்டிக்கொண்டு வரும். தூவிகளும் வேர்ப்பசையும் சேர்ந்து மண்ணைப் பிடித்திருக்கின்றன.

தூவிக்கும் எட்டாத இடத்துக்குப் போவது பூசணம். மைக்கோரைசா என்றும் வேர் உட்பூசணம் என்றும் விவசாயத் துறையினர் சொல்வார்கள். வேருக்குள் நுழைந்து, செல்லுக்குள் சிறு மரம்போலக் கிளைத்து உட்கார்ந்துகொள்ளும். வெளியே அதன் இழைகள் பல சென்டிமீட்டர் தூரம் மண்ணுக்குள் பரவும். ஓர் இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே, பல இழைகள் அதைவிடவும் மெல்லியவை. வேர் நுழைய முடியாத மண்துகள் இடுக்குகளில் அவை நுழைந்துவிடும். புல்வெளி மண்ணில் ஒரு கிராம் எடுத்தால் அதற்குள் பல மீட்டர் இழை இருக்கும். ஒரு கிராம் என்பது உங்கள் விரல் நுனியில் ஒட்டும் மண்.

இந்தப் பூசணம் தானாகச் சாப்பாடு தேடிக்கொள்ளத் தெரியாதது. இலை தயாரிக்கும் சர்க்கரையிலும் கொழுப்பிலும் நூற்றுக்கு ஐந்து முதல் இருபது பங்குவரை செடி அதற்குக் கொடுக்கிறது. பதிலுக்குப் பூசணம் பாஸ்பேட்டும் துத்தநாகமும் கொஞ்சம் தழைச்சத்தும் கொண்டுவந்து சேர்க்கிறது. சோதனைகளில், சில செடிகள் தம் மணிச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கைப் பூசணத்தின் வழியாகவே பெற்றிருக்கின்றன. இந்த உறவு புதிதும் இல்லை. ஸ்காட்லாந்தில் ரைனி என்னும் இடத்தில் கிடைத்த 40 கோடி ஆண்டுப் பழைய செடிப் புதைபடிவங்களிலேயே இதே வகைப் பூசணம் இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு உண்மையான வேரே கிடையாது. செடி கரையேறியதே பூசணத்தின் துணையோடுதான் என்று நான் நினைக்கிறேன், பல ஆய்வாளர்களும் அப்படியே கருதுகிறார்கள்.

இந்தத் துணை எப்படி வந்து சேருகிறது என்பது இன்னும் அழகான சங்கதி. மணிச்சத்துக்குப் பஞ்சம் வந்ததும் வேர், ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை மிக மிகக் குறைந்த அளவில் மண்ணில் கசிய விடுகிறது. அது பட்டதும் பக்கத்தில் இருக்கும் பூசண இழை கிளை கிளையாகப் பிரிந்து வேரை நோக்கி வளர்கிறது. இதை 2005-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்த வகைப் பொருள் ஒன்று அதற்கும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1966-ல், பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு விட்டது, வேறொரு காரணத்துக்காக. சோளத்திலும் கரும்பிலும் முளைத்து பயிரை உறிஞ்சும் சுடுமல்லியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் தூசி போன்ற விதை மண்ணில் வருடக்கணக்காகக் கிடக்கும். பக்கத்தில் ஒரு வேர் இந்தப் பொருளைக் கசிய விட்டால் மட்டும் முளைக்கும். பூசணத்தைக் கூப்பிட விட்ட குரலைச் சுடுமல்லி ஒட்டுக் கேட்டு வந்து சேர்கிறது. பஞ்சத்தில் இருக்கும் செடிக்குக் கூப்பிடாமலும் இருக்க முடியாது. சத்து குறைந்த நிலத்தில் சுடுமல்லி அதிகம் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செடி எல்லாப் பூசணத்துக்கும் ஒரே அளவு கொடுப்பதில்லை. அதிகம் கொண்டுவரும் பூசணத்துக்கு அதிகம் சர்க்கரை போகிறது, பூசணமும் நன்றாகக் கொடுக்கும் வேருக்கே அதிகம் பாஸ்பேட் தருகிறது. 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். காட்டின் அடியில் பூசண வலை வழியாகச் செடிகள் ஒன்றுக்கொன்று இரக்கப்பட்டு உணவு அனுப்புகின்றன, தாய்மரம் பிள்ளை மரத்துக்கு ஊட்டுகிறது என்றெல்லாம் இப்போது நிறையப் படிக்கிறோம். அவ்வளவு தூரத்துக்குச் சான்று இல்லை. ஆளாளுக்குத் தன் பிழைப்பைப் பார்க்கிறார்கள், அதிலேயே இரண்டு பேருக்கும் லாபம் இருக்கிறது. உண்மை நிலவரமே போதுமான அளவுக்கு அதிசயம்தான், அதற்குமேல் பூசி மெழுகத் தேவையில்லை.

பூசணத்தை நம்பாத செடிகளும் அந்தச் சரிவில் உண்டு. கோரைக் குடும்பத்தில் பலவும் அப்படி. அவற்றில் சில, மணிச்சத்துக் குறையும்போது கேரட் வடிவத்தில் குட்டையான, தூவி அடர்ந்த வேர்களை விடும். அந்த வேர் சிட்ரேட் போன்ற அமிலங்களை ஒரே இடத்தில் நிறையக் கொட்டும். எலுமிச்சம்பழத்தில் இருக்கும் அதே அமிலம்தான். அது இரும்பையும் அலுமினியத்தையும் பிடித்துக்கொள்ள, அவை பூட்டி வைத்திருந்த பாஸ்பேட் விடுபடும். கூடவே பாஸ்பட்டேஸ் என்ற நொதியையும் வேர் விடுகிறது. மட்கில் கட்டுண்டிருக்கும் பாஸ்பேட்டை அது வெட்டி எடுக்கும். புளிப்பு மண்ணில் இந்த அமிலங்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கரைந்த அலுமினியம் வேர்நுனிக்கு நஞ்சு. பல புல்வகைகள் வேர்நுனியில் மாலேட்டையோ சிட்ரேட்டையோ கசிய விட்டு அலுமினியத்தைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் உள்ளே நீள்கின்றன. உங்கள் வாழைக்கு அந்தத் திறமை அவ்வளவு கிடையாது.

தழைச்சத்துக்கு வருவோம். மேலே புல்லுக்கு நடுவே பயறுக் குடும்பத்துச் செடிகள் சிதறிக் கிடக்கும். கிலுகிலுப்பை இனங்கள், அவுரி இனங்கள், தரையோடு படரும் சிறு டெஸ்மோடியங்கள். கீழே வரப்பில் வளரும் கொழிஞ்சியும் இதே குடும்பம். கொழிஞ்சியை ஈரத்தில் மெதுவாகத் தோண்டியெடுத்து வேர்முடிச்சை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்தில் உள்ளதற்கு உறவான ஒரு புரதத்தின் நிறம் அது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் அளவோடு போய்ச்சேரும்படி அது பார்த்துக்கொள்கிறது. முடிச்சு சிவந்திருந்தால் வேலை நடக்கிறது, வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. தொட்டாச்சிணுங்கியிலும் முடிச்சு உண்டு, ஆனால் அதற்குள் குடியிருப்பது பெரும்பாலும் வேறு வகைப் பாக்டீரியா. உங்கள் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இளங்கன்றுகளுக்கு நடுவே பியூரேரியா, முகுனா என்ற பயறுக் கொடிகளைப் படர விடுவது இதே காரணத்துக்குத்தான்.

ஆனால் பயறுச் செடிக்கு மணிச்சத்து அதிகம் வேண்டும், நைட்ரஜனைப் பிடிப்பது அத்தனை ஆற்றல் தின்னும் வேலை. ஆக அதற்கும் பூசணம் வேண்டும். ஒரே செடியின் வேரில் பாக்டீரியா ஒரு பக்கம், பூசணம் ஒரு பக்கம். இலை இரண்டுக்கும் படியளக்கிறது. பயறுச் செடி செத்து மட்கிய பிறகு அந்தத் தழைச்சத்து புல்லுக்குப் போகிறது. புல்லின் வேரை ஒட்டியும் அசோஸ்பைரில்லம் போன்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நீங்கள் பாக்கெட்டில் வாங்கும் அதே அசோஸ்பைரில்லம்தான். அவை தரும் நைட்ரஜன் முடிச்சுச் செடிகளோடு ஒப்பிட்டால் குறைவு. வேரைக் கிளைக்க வைப்பதில் அவற்றின் உதவி பெரிதாக இருக்கலாம்.

பிடித்ததைக் காப்பாற்றுவது அடுத்த பாடு. மட்கிலிருந்து முதலில் விடுபடுவது அம்மோனியம். அது மண்துகளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிட்டால் அடுத்த மழையில் போய்விடும். உங்கள் யூரியாவில் பெரும்பகுதி தொலைவது இந்த வழியிலும், ஆவியாகிக் காற்றிலும்தான். வெப்பமண்டலப் புற்கள் சில இந்த மாற்றத்தையே தடுக்கின்றன. பிராக்கியாரியா என்ற தீவனப்புல்லின் வேர் விடும் ஒரு பொருள் அந்தப் பாக்டீரியாவை முடக்குகிறது என்று 2009-ல் காட்டப்பட்டது. நம் சோளத்தின் வேருக்கும் இந்தக் குணம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டுப் புல்வெளிகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். குளிர்ந்த உயரங்களில் சில செடிகள் அம்மோனியத்துக்குக்கூடக் காத்திருப்பதில்லை, மட்கு பாதி சிதைந்ததும் வெளிவரும் அமினோ அமிலங்களை நேராகவே உறிஞ்சிவிடுகின்றன.

செலவைக் குறைப்பதிலும் புல் கெட்டிக்காரன். நம் மலைச்சரிவில் உயரமாக நிற்கும் புற்களில் பெரும்பாலானவை, வாசம் வீசும் தைலப்புல்லும் துணியில் குத்தி ஏறும் ஊசிப்புல்லும் உட்பட, கரும்பையும் சோளத்தையும் போல வெயிலைப் பயன்படுத்தும் வகை. இவற்றின் இலைக்கு நெல்லிலையைவிடக் குறைந்த தழைச்சத்து போதும், அதே வெயிலில் அதிகம் வளரும். தை மாதம் காற்று காய்ந்ததும் இலை பழுத்து வைக்கோல் நிறமாகிறதே, அதற்குமுன்பே இலையிலிருந்த தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறத்தாழ பாதியைப் புல் தூருக்கும் வேருக்கும் இறக்கிவிடும். நாம் பார்க்கும் காய்ந்த புல் பெரும்பாலும் வெறும் நார். அடுத்த மழையில் அந்தச் சேமிப்பிலிருந்துதான் முதல் பச்சை கிளம்புகிறது. சின்ன முதலைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் புரட்டிப் பிழைக்கும் பெட்டிக்கடை போன்றது இந்த மலைப்புல்வெளி. கையிருப்பைப் பார்த்தால் ஒன்றுமில்லை, வருடக் கணக்கைப் பார்த்தால் பெரிய தொகை புரண்டிருக்கும்.

தீயைப் பற்றியும் கேட்பார்கள். காய்ந்த புல் எரியும்போது அதிலுள்ள தழைச்சத்து பெரும்பாலும் காற்றோடு போய்விடும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் சாம்பலாக அங்கேயே நிற்கும், உடனே கனமழை வந்து அடித்துக்கொண்டு போகாவிட்டால். புல் சத்தை இறக்கி முடித்தபின் வரும் தீயில் நஷ்டம் குறைவு, பாதி பச்சையாக இருக்கும்போது வரும் தீயில் நஷ்டம் அதிகம். அடிக்கடி எரிந்தால் கைமுதல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தீ அறவே கூடாது என்றும், வருடாவருடம் எரித்தால்தான் புல் வரும் என்றும் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. எந்த மாதம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று கேட்காமல் இரண்டு பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். சரிவில் குட்டையாக நிற்கும் ஈச்சும், நெல்லியும், ஆயமாவும் தீயைத் தாங்கிப் பழகிய செடிகள். நெருப்பு அந்த மலைக்குப் புதிதில்லை என்று மட்டும் அவை காட்டுகின்றன.

மேய்கிற மிருகங்கள் சத்தைக் குறைப்பதில்லை, வேகப்படுத்துகின்றன. காட்டெருமையும் மிளாவும் தின்ற புல், சருகாகக் கிடந்தால் மாதக்கணக்கில் மட்க வேண்டியது, ஒன்றிரண்டு நாளில் சாணமாகவும் மூத்திரமாகவும் மண்ணுக்கு வருகிறது. சாண வண்டு அதை உருட்டிப் புதைக்கிறது. வரையாடுகள் இளைப்பாறும் பாறைத் திட்டுகளை ஒட்டிப் புல் கரும்பச்சையாக நிற்பதும் இதனால்தான். கரையான் ஆழத்து மண்ணை மேலே கொண்டுவருகிறது.

மேலேயிருந்து வருவதும் உண்டு. மகேந்திரகிரி உச்சியில் நின்றால் கடல் தெரியும் தூரம்தானே. கடற்காற்று தூக்கிவரும் உப்புத்துளியில் மக்னீசியம், கந்தகம், கொஞ்சம் சாம்பல்சத்து, போரான் எல்லாம் இருக்கின்றன. மழை அதைச் சரிவில் இறக்குகிறது. தழைச்சத்தும் மழையில் சிறிது வரும். ஒரு போகத்துக்கு இதெல்லாம் கணக்கில் வராத அளவு. அறுவடையே இல்லாத நிலத்தில், ஆற்றோடு போவதை ஈடுகட்ட இந்த அளவும் உதவுகிறது.

தண்ணீர் கசியும் பாறைமேல் மண்ணே இல்லாத இடத்தில் இரண்டு பேர் வேறு வழி பிடித்திருக்கிறார்கள். ஒன்று அழுகண்ணி, இலையில் பிசுபிசுத்த துளிகளோடு சிவப்பாகத் தரையில் ஒட்டிக் கிடக்கும். ஒட்டிய பூச்சியைக் கரைத்துத் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். இன்னொன்று யூட்ரிகுலேரியா. வேரே கிடையாது, மண்ணீரில் கிடக்கும் குட்டிப் பைகளால் நுண்ணுயிர்களை உறிஞ்சிப் பிடிக்கும். மழைக்காலத்தில் நீலமும் ஊதாவுமாகப் பாறையை மூடுவது பெரும்பாலும் இதன் பூக்கள்தான். நில ஆர்க்கிட்களையும் சொல்ல வேண்டும். அவற்றின் விதையில் முளைக்கத் தேவையான உணவே இல்லை. பூசணம் வந்து ஊட்டினால்தான் முளை. முதல் பருவம் முழுக்க அவை பூசணத்திடம் வாங்கித் தின்றே வளர்கின்றன.

இப்போது உங்கள் வாழைக்கு வருகிறேன். மலைப்புல்லை யாரும் அறுத்துக்கொண்டு போவதில்லை, எல்லாம் அங்கேயே சுற்றுகிறது. நீங்கள் ஒவ்வொரு குலையையும் லாரியில் ஏற்றுகிறீர்கள். குலையோடு போவதில் பெரும்பங்கு சாம்பல்சத்து. ஒரு வாழைக்கு 300 கிராம் அளவுக்குச் சாம்பல்சத்து பரிந்துரைப்பது அதனால்தான். அதைப் பூசணமோ பாக்டீரியாவோ ஈடுகட்டாது, நீங்கள்தான் போட்டாக வேண்டும். இயற்கையில் உரமில்லாமல் வளர்கிறதே என்று சொல்லி வாழைக்கு எதுவும் போடாமல் விடுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால் போடுவதில் எது வீணாகிறது என்று பார்க்க மலைப்புல் நன்றாகச் சொல்லித்தரும். மண் புளிப்பாக இருந்தால் முதலில் சுண்ணாம்போ டோலமைட்டோ போடுங்கள், அலுமினியம் அடங்கி மணிச்சத்தின் பூட்டு கொஞ்சம் தளரும். அளவை மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ வழி கேளுங்கள். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பல தவணையாகப் பிரியுங்கள். குலை வெட்டிய தண்டையும் இலையையும் தோட்டத்திலேயே நறுக்கிப் போடுங்கள், அதில் இருக்கும் சாம்பல்சத்து சாதாரண அளவு இல்லை. மணிச்சத்தைத் தேவைக்குமேல் வைத்தால் வேர் பூசணத்தைக் கூப்பிடுவதையே நிறுத்திவிடும், அப்புறம் பூசண உரம் வாங்கிப் போட்டும் பயன் இராது.

வளத்தை ஏற்றினால் மலை இன்னும் செழிக்குமே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1856 முதல் இன்றுவரை ஒரே புல்வெளியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து உரம் போட்டும் போடாமலும் பார்த்துவருகிறார்கள். உரமே போடாத பாத்தியில் நாற்பது வகைச் செடிக்கும் குறையாமல் நிற்கிறது. அம்மோனியம் உரம் தொடர்ந்து போட்டுப் புளித்துப்போன பாத்தியில் இரண்டு மூன்று புல்வகைதான் மிச்சம். சத்து கூடியதும் வேகமாக வளரும் ஒன்றிரண்டு மற்றவற்றை நிழலிட்டுக் கொன்றுவிடுகின்றன. நீலகிரியில் சீகை (வாட்டில்) மரங்களைப் புல்வெளியில் நட்டதும் இதே பாதையில்தான் போனது. அவையும் வேர்முடிச்சுக் குடும்பம், மண்ணில் தழைச்சத்தை ஏற்றி, நிழலையும் போட்டு, குறைந்த சத்தில் வாழப் பழகிய புற்களை ஓரம் கட்டிவிட்டன. முத்துக்குழிவயல் பக்கத்துப் புல்வெளியை "வெறும் பொட்டல், மரம் வைக்கலாம்" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு எரியும். அதன் ஏழ்மையில்தான் அத்தனை செடிகளுக்கும் இடம் இருக்கிறது.

அதனால் ஒரு சாக்கு மலைமண் வேண்டாம். அது வனவிலங்கு சரணாலயம், ஒரு கைப்பிடி எடுப்பதும் குற்றம். எடுத்தாலும் பயன் இல்லை. குளிர்ந்த புளிப்பு மண்ணுக்குப் பழகிய உயிர்கள் உங்கள் குழியின் சூட்டில் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. உங்களுக்கு வேண்டிய பூசணம் உங்கள் வரப்பிலேயே இருக்கிறது.

பல ஆண்டு கொத்தாத, மருந்து அடிக்காத புல்வரப்பு ஒன்றைப் பாருங்கள். அங்கே மேல்மண்ணைப் புல்வேரோடு ஒரு பக்கெட் எடுங்கள். வாழை நின்ற இடத்து மண் மட்டும் கூடாது, வாடல் நோயும் நூற்புழுவும் சேர்ந்து வந்துவிடும். அதோடு இரண்டு மூன்று பங்கு ஆற்றுமணல் கலந்து, பழைய சாக்கிலோ தொட்டியிலோ நிரப்பி, சோளமோ மக்காச்சோளமோ நெருக்கமாக விதையுங்கள். சூப்பர் பாஸ்பேட் போடாதீர்கள், பயிர் கொஞ்சம் பசித்தே வளரட்டும். இரண்டரை, மூன்று மாதம் கழித்துத் தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் காய விட்டு, தட்டையை அறுத்து எடுத்துவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி அந்த மண்ணோடேயே கலந்துவிடுங்கள். கன்று நடும்போது குழியின் அடியில் இரண்டு கை அள்ளிப் போட்டு, கிழங்கு அதன்மேல் நேராக உட்காரும்படி வையுங்கள். தள்ளிப் போட்டால் புது வேர் அதைத் தொட நாளாகும். பத்துக் கன்றுக்கு இப்படிச் செய்து, பக்கத்துப் பத்துக் கன்றை வழக்கம்போல் விட்டு, இரண்டுக்கும் மற்ற எல்லாம் ஒன்றுபோலவே வைத்துப் பாருங்கள்.